செய்தியில் நான் அடித்த சொற்கள்

காலை ஆறு இருபது. மலைக்கோயில் படிகள் தொடங்கும் இடத்தில் ஒரு மேசை. அதன் மேல் பம்ப் ஸ்டவ், கொதிக்கிற தண்ணீரில் ஊசிகள். ஆடிக் கிருத்திகைக்கு வருகிற எவரும் காலரா ஊசி போட்டுக்கொள்ளாமல் படியேற முடியாது. அது எழுபதுகளின் தொடக்கம். ஊசி வந்த பிறகுதான் திருவிழா முடிந்து வாந்திபேதி ஊர் ஊராகப் போவது குறைந்தது. அதை ஆதரித்து நானே என் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

அன்று என் பதினோரு மாத மகனுக்கு முடி இறக்க வந்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து இறக்குவது எங்கள் வழக்கம். மனைவியின் அண்ணன், நான் பாவா என்று கூப்பிடுகிறவர், அம்மையார்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். தறியில் தானே நெய்த புது வேட்டி கட்டியிருந்தார்.

ஊசிக்காகச் சட்டைக் கையை மடித்தார். முழங்கை வரை வெள்ளைத் திட்டுகள்.

"இது இன்னாங்க?" என்றார் மேசையருகே நின்ற தொண்டர்.

"வெண்குஷ்டம்ங்க. கல்யாணத்துக்கு முன்னேயே வந்தது. யாருக்கும் ஒட்டாது."

"குஷ்டம்னு நீங்களே சொல்றீங்களே." தொண்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். "பேப்பர்லயே வந்துகீது. காலரா ஊசி கட்டாயம், குஷ்டம் உள்ளவங்க மலையேறக் கூடாது."

நான் எழுதிய செய்தி. சுகாதாரத் துறையின் அறிக்கையில் 'தொற்றும் நிலையிலுள்ள குஷ்டம்' என்று இருந்தது. பத்தி நீண்டுவிட்டதால் முதல் இரண்டு சொற்களை அடித்திருந்தேன். வெண்குஷ்டத்துக்கும் குஷ்டத்துக்கும் பெயரில் தவிர வேறு உறவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"இது அந்த நோயே இல்லீங்க. அந்த நோய்லயும் ஒட்டுறது மட்டும்தான் கூடாதுன்னு உத்தரவு," என்றேன்.

"எங்க போட்டுகீது? காட்டுங்க."

காட்ட முடியவில்லை.

"டாக்டரக் கூப்பிடுங்க," என்றேன்.

"மலைமேல இருக்காரு. எப்ப எறங்குவாருன்னு தெரியாது."

பின்னால் வரிசை நெருக்கியது. "யோவ், ஊசிக்குப் பயந்துகினு கதை வுடுறாரா?" என்றது ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள். பாவாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண் தன் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தார்.

"மாப்ள, இது உங்க பேப்பர் ஆச்சே. நீங்க எழுதுனதா?"

"ஆங்," என்றேன்.

அவர் சட்டைக் கையை இறக்கி மணிக்கட்டுப் பித்தானைப் போட்டார். "நல்ல நேரம் போவுது. நீங்க ஏறுங்க. யாரு மடில குந்த வச்சாலும் முடி எறங்கும்."

என் மனைவி போக மாட்டேன் என்று அங்கேயே நின்றாள். அவர்தான் அவளை அதட்டி அனுப்பினார். மேலே குழந்தை என் மடியில் உட்கார்ந்தான். கத்தி பட்டதும் அழுதான். அவன் தலையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நாவிதர் எனக்கு இரண்டு முறை சொன்னார். இறங்கி வந்தபோது பாவா இல்லை. ஊருக்குத் திரும்ப ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஏறிவிட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார்.

திருத்தம் எழுதி அனுப்பினேன். விழா முடிந்த நாலாம் நாள் வந்தது, இரண்டு வரி.

அடுத்துப் பிறந்த மகளுக்கு வேறு கோயிலில் முடி இறக்கினோம். பாவா வரவில்லை.