அண்ணனின் ஆறங்குலப் புளியமரம்

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கென்று முதலில் வந்து சேர்ந்த கட்டுரையை உறவினர் ஒருவர் எழுதியிருந்தார். அதில் அண்ணன் குணக்குன்று, உற்றார் உறவினர் அனைவரின் நெஞ்சிலும் வீற்றிருப்பவர் என்றெல்லாம் இருந்தது. படிக்கப் படிக்க எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. யுத்தம் நடக்கிற இந்தக் காலத்தில் காகிதம் கிடைக்காமல் அச்சாபீஸ்காரர் கையைப் பிசைகிறார். கிடைக்கிற காகிதத்திலும் பொய்யையா அச்சடிப்பது? அதை மடித்து அடுப்பில் வைத்துவிட்டு நானே எழுத உட்கார்ந்தேன். நான் அவருடைய ஒரே தங்கை. எனக்கு நயமாக எழுத வராது. சிறு வயதிலிருந்தே வாய்த்துடுக்கு என்று பெயர் வாங்கியவள். இந்த மலரைக் கையில் வாங்குகிற பலருக்கும் அது தெரியும்.

அண்ணன் பிறந்தது வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில். அவருக்கு மீசை அரும்புவதற்கு முன்பே அய்யா போய்விட்டார். அம்மா மறுகி உட்காரவில்லை. ஆள் வைத்து மாட்டுக் கமலையில் கிணற்று நீர் இறைத்து, கத்தரியும் மிளகாயும் போட்டுச் சந்தைக்கு அனுப்பி, அண்ணனை மதுரைக்குப் படிக்க அனுப்பினார். எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் அவருக்குச் சோறும் சிலேட்டும். அவர் டிராயிங் பரீட்சை தேறி, மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆனார். என் வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் இருந்ததால் நானும் மதுரையில் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அதனால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள், மூக்கால் அனுபவித்தவள்.

மூக்கால் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்துப் பூகோள வகுப்புக்காக அண்ணன் மலை, கண்மாய், வாய்க்கால், ஊர் எல்லாவற்றையும் பலகைமேல் அளவு சுருக்கிச் செய்து கொடுப்பார். மண்ணும் பசையும் யாரும் குழைக்கலாம். மரம்தான் அவருக்குப் பெரிய பாடு. கடைச் சாயத்தில் தோய்த்த மரத்தூளை உருண்டை பிடித்து மரம் என்று வைப்பது அவருக்குப் பிடிக்காது. "உருண்டைக்கு எங்கத்தா கெளை இருக்கு?" என்பார். ஆகவே மரத்துக்கான செடிகளைக் கொல்லையில் தாமே வளர்த்தார். உடைந்த ஜாடி, மண்ணெண்ணெய் டின், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று நோஞ்சானாக நிற்கும். வேம்புக்குத் துளசி, தென்னைக்குக் கோரை, கருவேலுக்குக் கொழுஞ்சியின் வேர். வேரைத் தலைகீழாக நிறுத்தினால் கிளை விட்ட மரமாகிவிடும். அந்த வேரின் தோல் கழலுவதற்காகத் தொட்டித் தண்ணீரில் அழுக விடுவார். சாக்கடை தோற்கும் நாற்றம். அதைவிடக் கொடுமை வச்சிரம். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுத்த அந்தத் தச்சுப் பசையை என் குழம்புச் சட்டியில் போட்டு உருக்குவார். தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். கொடியில் காயும் என் சேலையில் கம்பளிப்பூச்சி ஏறும். நான் வாந்தி எடுக்காத வாரம் குறைவு.

செடி தழைத்தால் அவருக்கு முகம் வாடும். சாகாமலும் வளராமலும் நின்றால்தான் இலை சிறுக்கும், அடி தடிக்கும் என்பார். எருவே போட மாட்டார், நுனியைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். ஒருமுறை மதினி மனசு கேட்காமல் ஒரு செடிக்கு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிவிட்டார். பத்து நாளில் செடி தளதளவென்று வந்துவிட்டது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இது இனிமே கொழம்புக்குத்தான் ஆகும்" என்று பிடுங்கி மதினி கையிலேயே கொடுத்தார். செடியைப் பட்டினி போட்ட அந்த மனிதர் வாழ்நாளில் வேறு எவரையும் பட்டினி போட்டதில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இனி எழுதப்போவது சிலருக்குக் கசக்கும்.

அய்யாவும் பெரியப்பாவும் நிலத்தைப் பிரித்தபோது எழுத்து எதுவும் கிடையாது. பேச்சு ஒன்றுதான். புளியமரத்துக்கு மேற்கே பெரியப்பாவுக்கு, கிழக்கே அய்யாவுக்கு. கிணறு மரத்தை ஒட்டிக் கிழக்கே இருந்தது. இது ஊருக்கே தெரியும். அய்யா போன பிறகு கிணற்றுக்கு அந்தப் பக்கம், அதாவது இன்னும் கிழக்கே, ஒரு புளி தானாக முளைத்து வளர்ந்தது. பெரியப்பா காலமானதும் அவர் மகன், பேச்சில் சொன்ன புளியமரம் இந்த இளம் புளிதான் என்றார். அப்படியானால் கிணறு அவர் பக்கம் போய்விடும். கிணறு போனால் அம்மாவின் காடு கட்டாந்தரை.

வழக்குக்குப் போக வேண்டாம் என்று, இரு பக்கத்துக்கும் வேண்டிய ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரை மத்தியஸ்தராக வைத்தார்கள். அவருக்குக் காலில் ஆறாத புண். வரப்பில் நடக்க முடியாது. "மாஸ்டர் நிலத்தை அப்படியே பலகையில செஞ்சு கொண்டுவரட்டும். பங்காளிகள் நிலத்தோட ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லட்டும்" என்றார். அண்ணன் கை பொய் சொல்லாது என்று பெரியப்பா மகனே ஒப்புக்கொண்டார்.

அண்ணன் விடுமுறை முழுக்கச் சங்கிலி பிடித்து அளந்தார். பழைய கதவுப் பலகை ஒன்றில் பத்தடிக்கு ஓர் அங்குலமாக எங்கள் நிலமும் அக்கம்பக்கத்துப் பங்காளிகள் நிலமும் எழுந்தன. அறுபதடிப் புளிக்கு ஆறங்குலம். சிரட்டையில் மூன்று வருஷமாகக் கிள்ளிக் கிள்ளி வைத்திருந்த மருதாணி ஒன்றை அதற்கென்று பிடுங்கினார். அதன் அடி தடித்து, பட்டை வெடித்து, கிழட்டு மரத்தின் முறுக்கு அப்படியே விழுந்திருந்தது. நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காய வைத்து, வச்சிரத்தில் தோய்த்து, காய்ந்த முருங்கை இலைப் பொடியைத் தூவி நட்டார். நாற்றத்தை மறந்து நானும் குனிந்து பார்த்தேன். நாங்கள் ஊஞ்சல் கட்டி ஆடிய கிளைகூட இருந்தது.

பிறகு உறவினர் படையெடுப்பு. பலகையைப் பார்க்க வந்த ஒருவருக்காவது கிணறு கண்ணில் படவில்லை. சின்னம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏப்பா, எங்க வேம்பு இம்புட்டுத்தானா? அவுக முருங்கை மட்டும் அம்புட்டு ஒசரம் நிக்குது?"

"அளந்துதான் வச்சேன் சின்னம்மா. ஒங்க வேம்பு இப்பத்தான் வளருது."

"அளந்தா ஆச்சா? தாசில்தாரு கண்ணுக்கு நாங்க இளப்பமாத் தெரியணுமா?"

ஒருவருக்கு வைக்கோல் படப்பைப் பெரிதாக்க வேண்டும். இன்னொருவருக்குப் பக்கத்து வரப்பை மெலிசாக்க வேண்டும். ஒரு கையில் என் காப்பி, மறு கையில் அண்ணன் மரங்களின் கழுத்து. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதியைத்தான் அன்று பேசினேன்.

கடைசியாகப் பெரியப்பா மகன் வந்தார். பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தம்பி, ஒண்ணு சொன்னாக் கேப்பியா? கெணத்த மட்டும் அங்கிட்டு நாலு வெரக்கட தள்ளி வச்சிரு. மரத்துக்கு மேக்கால வந்துரும். யாருக்குத் தெரியப் போகுது?"

"இங்க நாலு வெரக்கடைன்னா அங்க முப்பது அடிண்ணே. பலகையில நகத்திரலாம். அங்க கெணறு நகருமா?"

அவர் கோபிக்கவில்லை. ஆறங்குலப் புளியை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். காப்பியைக் குடித்துவிட்டு, "வாரேன்" என்று போனார்.

ஒப்பிடும் நாளில் பலகையை வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனோம். தாசில்தாருக்கு ரோட்டோரத்தில் நாற்காலி போட்டார்கள். நிலத்தைப் பார்த்தேன். கிழட்டுப் புளி இல்லை. பலகையைப் பார்க்க அம்மா எங்களோடு மதுரைக்கு வந்திருந்த நாட்களில் நடந்த வேலை. நின்ற இடத்தை மண் போட்டு மூடி, உழுது, கம்பு விதைத்திருந்தது. ஆறங்குல மரத்தைப் பொய்யாக்க அறுபதடி மரத்தை வெட்டிவிட்டார்கள்.

"பொம்மையில ஒரு மரத்த நட்டுட்டா நெலத்துல மரம் இருந்ததா ஆயிருமா?" என்றார் பெரியப்பா மகன்.

எங்கள் வீட்டுச் சொல் சாட்சி ஆகாது என்று தாசில்தார் கூடியிருந்த மற்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார், இங்கே மரம் இருந்ததா என்று.

"நான் அம்புட்டாக் கவனிக்கலைங்க" என்றார் ஒருவர். அதே மரத்தடியில் அவர் மகளுக்குப் பெண் பார்த்தோம்.

"நான் இந்தப் பக்கம் வாரதே இல்லைங்கய்யா" என்றார் இன்னொருவர். அவருடைய மாடு இருபது வருஷம் அதன் நிழலில்தான் படுத்துக் கிடந்தது.

சின்னம்மா, "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க" என்றார். வருஷா வருஷம் அந்தப் புளியை உலுக்கி, கொட்டை எடுத்து, பானையில் அடைத்தது அவர். அந்த வாரம் அவர் வீட்டில் கொதித்த குழம்பும் அந்தப் புளிதான். சீ, இதைவிட அழுகின வேர்த்தொட்டி எவ்வளவோ மேல். அதன் நாற்றம் கழுவினால் போய்விடும்.

"தோண்டிப் பாத்தா வேர் இருக்குமே" என்றார் தாசில்தார். அதுவரை வாயைத் திறக்காதவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள். விதைத்த நிலத்தில் மண்வெட்டி போடக்கூடாதாம். வெள்ளாமையின் வயிற்றில் குத்துவது போலாம். பாவமாம். மரத்தைக் கொன்றவர்களுக்குக் கம்புப் பயிர்மேல் அப்படி ஒரு பக்தி. தாசில்தாரும் அதோடு விட்டுவிட்டார்.

"அப்ப பலகையத் திருத்திருங்க மாஸ்டர். நெலத்தோட ஒத்து இருக்கணும்ல" என்றார் பெரியப்பா மகன். அண்ணனை அவர் மாஸ்டர் என்று கூப்பிட்டது அன்றுதான்.

அண்ணன் பலகைக்கு முன் குனிந்தார். பையிலிருந்து பென்சில் சீவும் கத்தியை எடுத்தார். ஆறங்குல மரத்தை வேரோடு பிடுங்குவார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதை அடியில் வைத்து அறுத்தார். அரை விரல் கட்டையை அப்படியே விட்டு, அதன்மேல் ஒரு சிட்டிகை மண்ணைத் தூவினார்.

"இப்பச் சரியா இருக்குங்க" என்றார் தாசில்தாரிடம்.

ஒருவரும் பலகையைப் பார்க்கவில்லை. சிலர் வெற்றிலையைத் தேடினார்கள். சாட்சி இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று தாசில்தார் இளம் புளியையே எல்லையாகச் சொல்லிவிட்டார். கிணறு போயிற்று. தன் கிணற்றில் குடிக்க ஒரு குடம் கேட்டு நிற்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. கண்மாய்த் தண்ணீரைச் சுமந்தார். அடுத்த கோடையைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகும் அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு மலையும் கண்மாயும் செய்தார். எவருடைய நிலத்தையும் செய்யவில்லை. யாரையும் பழித்தும் பேசவில்லை. அவருக்கும் சேர்த்து நான் பேசினேன். நீரிழிவு முற்றிப் படுக்கையில் விழுந்தபோது, பெரியப்பா மகன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"தம்பி, சாமி சத்தியமா நான் வெட்டலப்பா."

அண்ணனுக்குப் பேசவே முடியாத நேரம். இருந்தும் சொன்னார்.

"வெட்டுனதக்கூட விட்டுட்டேண்ணே. ஆசை, வெட்டிட்டீக. மரமே இல்லைன்னாக பாருங்க, அதத்தான் முழுங்க முடியல. யாராச்சும் ஒருத்தர் இருந்துச்சுன்னு சொன்னாப் போதும். கெணறு வேணாம்."

பெரியப்பா மகன் ஆரஞ்சை உரித்துக் கொடுத்தார். கேட்டதைக் கொடுக்கவில்லை. நாலாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

நன்றி சொல்லாமல் முடிப்பது முறையல்ல. கடைசிவரை அண்ணனின் நீரிழிவுப் புண்ணைக் கழுவி மருந்து போட்ட மதினிக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனாலும் சொல்கிறேன். மழையில் நனைந்துகொண்டு வந்து போன வைத்தியருக்கும், பாடையைத் தோள் மாற்றாமல் சுமந்த அண்ணனுடைய மாணாக்கர்களுக்கும், பலகையை வண்டியில் ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. துக்கம் கேட்க வந்து, மூன்று பந்தி சாப்பிட்டு, அண்ணன் பெருமையை விடிய விடியப் பேசிய பங்காளிகளுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை. ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

திவசத்தன்று எல்லாரும் வருவீர்கள். ஐயர் உங்கள் கையிலும் எள்ளும் தண்ணீரும் கொடுப்பார். அதை விடுவதற்கு முன்னால், அந்த மரத்தடியில் உட்கார்ந்த உங்களில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், வாயைத் திறந்து மரம் இருந்தது என்று சொல்லுங்கள். சொல்ல முடியாதவர்கள் என் அண்ணனுக்குத் தண்ணீர் விட வேண்டாம்.