நான் வாசித்துச் சொன்ன ஒப்பந்தம்

தாராவியில் பக்கத்து ரூமில் குடியிருந்த செல்லம்மாக்காவிடம் ரூம் சொந்தக்காரர் இங்கிலீஷில் எழுதிய ஒப்பந்தம் ஒன்றை நீட்டினார்.

"எய்யா, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு" என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் தெரியாது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா" என்றேன். அக்கா கைநாட்டு வைத்தாள்.

பதினோரு மாதம் முடிந்ததும் அவர் ரூமைக் காலி செய்யச் சொன்னார். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்ததாம்.

"தம்பி வாசிச்சப்போ அது இல்லவே இல்ல. பொறவு நீருதான் எழுதிச் சேத்துட்டீரு" என்று அக்கா அவரிடம் சண்டை போட்டாள்.

நான் அவளுடைய சட்டிபானைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

தெரியாத மொழியில் எழுதிக் கைநாட்டு வாங்கியது அவர் செய்த அநியாயம்தான். ஆனால் அக்கா நம்பியது என்னை. இப்போதெல்லாம் யார் காகிதம் நீட்டினாலும், எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.