நீல மேகத்தில் என் முகம்

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே குப்பைக்கென்று நான்கு தொட்டிகள் நிற்கின்றன. எதிலும் எழுத்து இல்லை, படம்தான். பச்சைத் தொட்டியில் தலையும் வாலும் நடுவில் முள்ளுமாக ஒரு மீன் வரைந்து வைத்திருக்கிறார்கள். நோர்வேக்கு வந்த முதல் வாரம் அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மீன் கழிவுக்கென்று தனித்தொட்டி வைத்திருக்கும் தேசம்! மீன்பிடி ஊரான குருநகரில் பிறந்தவனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? வாழைப்பழத் தோலையும் மிஞ்சிய சோற்றையும் வேறெங்கோ போட்டுவிட்டு, மீன் முள்ளை மட்டும் பயபக்தியோடு அதற்குள் இட்டுவந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மையார் என்னை மறித்து, அந்தப் படத்தைத் தட்டித் தட்டி "மாத், மாத்" என்றார். அவர்கள் மொழியில் அது சாப்பாடு. எல்லாச் சாப்பாட்டுக் கழிவையும் இதற்குள் போடு என்பதுதான் அவர் சொல்ல வந்தது. எனக்கோ, மனுஷி மீன் சாப்பாடு கேட்கிறார் என்று பட்டது. அன்று பின்னேரமே ஒரு கோப்பை மீன்குழம்பைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் குழம்பு கடைசியில் பச்சைத் தொட்டிக்குள்தான் போயிருக்கும்.

இங்கே எல்லாமே படம். சிவப்புக் கோடு குறுக்கே விழுந்த சப்பாத்து, குறுக்கே விழுந்த நாய், குறுக்கே விழுந்த சிகரெட். மொழி தெரியாமல் வந்து இறங்கியவனுக்கு அது பெரிய புண்ணியம். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் புண்ணியத்தை இன்னும் கிட்டப் பார்த்தேன். பாரிசவாதம் வந்து பேச்சு இழந்த ஒருவர் அங்கே இருந்தார். அவருடைய மேசையில் உள்ளங்கை அளவு அட்டைகள் ஒரு கட்டு. கோப்பி வேண்டுமென்றால் கோப்பிப் படம், குளிர்ந்தால் போர்வைப் படம். பனிக்காலத்தில் சூரியன் ஜன்னலோரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் அந்தக் கொஞ்ச நேரத்தில், அவர் ஜன்னல் படத்தைத் தூக்கிக் காட்டுவார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு போய் வெளிச்சத்தில் விடுவேன். என்னுடைய அரைகுறை மொழியும் அவருடைய போய்விட்ட மொழியும் அந்த அட்டைகளுக்கு முன்னால் ஒன்றுதான். இருவரும் அந்த மங்கல் மஞ்சளில் பேசாமல் இருப்போம். கனவில் இருப்பது போலவே இருக்கும்.

அதனால்தான், குருநகரில் அம்மாவுக்கும் பாரிசவாதம் வந்து பேச்சும் வாசிப்பும் போய்விட்டன என்று தங்கை றீற்றா தொலைபேசியில் அழுதபோது, எனக்கு உடனே அட்டைகள் ஞாபகம் வந்தன. போக வழியில்லை. புது வேலை, விடுமுறை கேட்கவே பயம். நான்கு வருடமாக அம்மாவைப் பார்க்காதவன் படத்தையாவது அனுப்புவோம் என்று இல்லத்துப் படங்களை அப்படியே அனுப்பினேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"அண்ணை, உதென்ன பசிக்குப் பாணும் சீஸும்? அம்மா உதைக் கண்டு என்னத்தை விளங்குறது? சோத்தைப் போடுங்கோ. உந்த முள்ளுக்கரண்டியையும் எடுங்கோ."

சரிதான். பிறகு அவளே வீட்டுச் சாமான்களைப் படம் பிடித்தாள். எங்கள் சோற்றுக் கோப்பை, எங்கள் தேத்தண்ணிக் கப், கட்டிலுக்கு மேலே சுற்றும் காத்தாடி, குளியலறைக் கதவு, செபமாலை, கூழ்ச் சட்டி. கடைத்தெரு ஸ்ரூடியோவில் கொடுத்து அச்சடித்து, ஒவ்வொன்றையும் லாமினேற் செய்து வாங்கினாள். மூன்றாம் நாள் அம்மா காத்தாடியைத் தூக்கிக் காட்டினாராம். றீற்றா ஓடிப்போய் ஆளியைத் தட்டிக் காத்தாடியைச் சுற்றவிட, அம்மா அட்டையைத் திரும்பக் கவிழ்த்து வைத்தாராம். வாய் திறந்து ஒரு சொல் வராத மனுஷி, "காணும், போதும்" என்று சொல்லவும் வழி கண்டுபிடித்துவிட்டார். அயலெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கூழ்ச் சட்டி அட்டை உயர்ந்ததாம், அன்று வீட்டில் கூழ்தான். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? சோற்றைக் கேட்கிறார், காற்றைக் கேட்கிறார், என்னை ஒருநாளாவது கேட்பாரா? அதைப் பார்க்கும் ஆசையில் சமையலறையில் நின்று என் முகத்தையும் படம் பிடித்து அனுப்பினேன். றீற்றா அதையும் அட்டையாக்கிக் கொடுத்தாள்.

"அம்மா உங்கடை படத்தைக் கொஞ்சினவ அண்ணை. சிலுவை போட்டுக்கொண்டு செபப்புத்தகத்துக்கை வைச்சிட்டா."

அன்று முழுவதும் நான் மிதந்துகொண்டு திரிந்தேன். அடுத்த நாள் அம்மா சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எந்த அட்டையையும் தொடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். டொக்டர் வந்து பார்த்து, புதிதாக ஒன்றும் இல்லை, ஆனால் இப்படியே போனால் உடம்பு தாங்காது என்றார். நான்காம் நாள் றீற்றா பூப்போட்ட சட்டையோடு பக்கத்தில் போய் இருந்தபோது, அம்மா அந்தச் சட்டையைப் பிடித்து இழுத்தார். அலுமாரியைக் கை காட்டினார். றீற்றா ஒவ்வொரு உடுப்பாக எடுத்துக் காட்ட, அப்பாவின் சாவுக்குப் பிறகு அம்மா கட்டிய வெள்ளைச் சேலை வந்ததும் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, றீற்றாவுக்கும் கறுப்புச் சட்டை ஒன்றைக் காட்டினாராம். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. செபப்புத்தகத்தைத் திறந்தாள். அப்பாவின் நினைவு அட்டைக்கும் பெரியம்மாவின் நினைவு அட்டைக்கும் நடுவில் நான் இருந்தேன்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் பூசையில் அவருடைய படம் போட்ட சிறிய அட்டை கொடுப்பார்கள். உள்ளங்கை அளவு, லாமினேற் செய்தது, முகத்துக்குப் பின்னால் நீல வானமும் வெள்ளை மேகமும், ஓரத்தில் பொன்நிறக் கோடு. செபப்புத்தகத்தில் வைத்து அவருக்காக மன்றாடுவோம். றீற்றா கொடுத்த ஸ்ரூடியோவும் அத்தகைய அட்டைகளை அடிக்கும் இடம்தான். நான் தொலைபேசியில் கேட்டபோது அந்த ஸ்ரூடியோக்காரர் வெள்ளை மனத்தோடு சொன்னார்:

"தம்பி, உங்கடை முகத்துக்குப் பின்னாலை ஒரு வாளியும் விளக்குமாறும் கிடந்தது. வடிவில்லை எண்டு வெட்டிப்போட்டு மேகம் வைச்சனான். ஏன், நல்லா வரேல்லையோ?"

நல்லாய்த்தான் வந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் நானே எனக்காக ஒரு மன்றாட்டுச் சொல்லியிருப்பேன். கோபப்படவும் முடியவில்லை. அவர் கைக்கு முகம் என்றால் மேகம், பழக்கம் அப்படி.

இனி, நான் சாகவில்லை என்பதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? கதைத்தால் பாதி விளங்கும், பாதி விளங்காது. எந்தப் பாதி என்று எவருக்கும் தெரியாது. வீடியோவில் வந்தேன். என்னைக் கண்டதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டார், மூடிய கண்ணால் தண்ணீர் வழிந்தது. கனடாவில் இறந்த சித்தப்பாவின் அடக்கப் பூசையையும், அவர் கேக் வெட்டிக் கை அசைத்த பழைய வீடியோவையும் இதே தொலைபேசியில்தான் அம்மா பார்த்தவர். அந்தக் கண்ணாடிக்குள் செத்தவர்களும் சிரிப்பார்கள். என் அடுத்த கெட்டித்தனம் அதைவிட மோசம். இந்த ஊர்ப் பழக்கத்தில், "அந்த அட்டைக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போடு, இல்லை என்று விளங்கும்" என்று றீற்றாவுக்குச் சொன்னேன். மகனின் முகத்தில் சிவப்புக் கோட்டைக் கண்ட அம்மா, பேச்சுப் போன அந்த வாயால் ஓவென்று கத்தினாராம். சோறு என்று காட்டலாம், கதவு என்று காட்டலாம். மகன் சாகவில்லை என்பதற்கு எந்தப் படத்தைக் காட்டுவது? வெட்கமும் பயமும் என்னைப் பிடித்து ஆட்டின. அம்மா செத்துப்போனால் அதற்கு என் முகம்தான் காரணம்.

பயந்து பயந்து விடுமுறை கேட்டேன். இல்லத்துப் பொறுப்பாளர், என் அம்மாவுக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டார். "என் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா சாப்பிடுகிறார் இல்லை" என்றேன். அவர் என் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். எனக்குத்தான் ஏதோ வருத்தம் என்று எண்ணியோ என்னவோ, இரண்டு வாரம் கொடுத்தார்.

விமானத்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே நீலமும் வெள்ளையுமாக முடிவே இல்லாமல் கிடந்தது. ஸ்ரூடியோக்காரர் நிறத்தைச் சரியாகத்தான் பிடித்திருந்தார். கண்ணாடியில் என் முகம் மெல்லத் தெரிந்தது. ஒருவேளை அம்மா நினைப்பதுதான் உண்மையோ என்று அரைத்தூக்கத்தில் தோன்றியது. நான்கு வருடமாகக் குரலாகவும் படமாகவும் மட்டும் வீட்டுக்கு வந்துபோகிறவனை வேறு என்னவென்று சொல்வது?

காலை பத்து மணியளவில் குருநகரில் வந்து இறங்கினேன். வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முழுக்க மீன் வாசம், கடல் வெயில். அம்மா கட்டிலில் ஒரு பிடி எலும்பாகக் கிடந்தார். நான் குனிந்தேன். நல்ல கையை நீட்டி என் காதைப் பிடித்துத் திருகினார். தலைமயிரை இழுத்தார். என் கையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு, இருந்த பெலனையெல்லாம் சேர்த்துக் கன்னத்தில் ஓர் அறை விட்டார். பிறந்த நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமான அறையை நான் வாங்கியதில்லை. இரண்டு பேரும் அழுதோம். பிறகு அதே கை அட்டைக் கட்டைத் தேடிச் சோற்றுப் படத்தை எடுத்தது.

"நாலு பிடி சாப்பிட்டவ அண்ணை," என்று றீற்றா அயலுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினாள்.

திரும்பும் நாள் கிட்ட வந்தது. மேகத்து அட்டையை அம்மாவே என் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டிருந்தார். வேறு ஒன்று வேண்டுமே என்று கடற்கரையில், முற்றத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில் என்று மூன்று படம் எடுத்தோம். றீற்றா அட்டைகளாக்கிக் கொண்டுவந்தாள். அம்மா மூன்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். அட்டைக் கட்டின் அடியில் படமே இல்லாத வெள்ளை அட்டை ஒன்று கிடந்தது.

"உது மெசின் சூடு பார்க்க விட்ட வெறும் தாள், தவறி வந்திட்டுது," என்று றீற்றா எடுக்கப்போனாள். அம்மா விடவில்லை. அதை வாங்கி என் நெஞ்சில் வைத்து அழுத்தினார். பிறகு சோற்றுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் செருகினார். செபப்புத்தகத்தின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

நேற்று இல்லத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் தொலைபேசி அடித்தது. "அம்மா உங்களைக் கேக்கிறா அண்ணை, கதையுங்கோ," என்றாள் றீற்றா. திரையில் அம்மாவின் முகம் தெரியவில்லை. வெள்ளை அட்டையைக் கமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருந்தார். திரை முழுக்க வெள்ளை. நான் நின்ற ஜன்னலுக்கு வெளியேயும் பனி கொட்டி, தெருவும் மலையும் இல்லாமல் வெள்ளையாகவே இருந்தது.

"இருக்கிறன் அம்மா," என்றேன்.

எங்கே என்று கேட்க அவரிடம் சொல் இல்லை. கேட்டிருந்தால் சொல்ல என்னிடமும் இல்லை.