மூணு ஒயர் மோட்டார்

எங்கள் வீட்டில் ஊறுகாய் தீர்ந்த பாட்டில் ஒன்று முழுக்கப் பல் போன பிளாஸ்டிக் சக்கரங்கள் கிடந்தன. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியவை. வெள்ளையாக வந்தவை கிரீஸ் பட்டுக் கறுத்திருக்கும். சிலவற்றில் இரண்டு பல் மட்டும் போயிருக்கும். சில ஒரு பக்கம் முழுக்கச் சூட்டில் உருகி வழுவழுவென்று ஆகியிருக்கும். அம்மா அதைக் குப்பையில் கொட்டப் போகும்போதெல்லாம் அப்பா கையிலிருந்து வாங்கி மறுபடி அலமாரியில் வைத்துவிடுவார். எல்லாம் என் தம்பியின் ரிமோட் காரிலிருந்து கழன்றவை.

அப்பா திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வெல்டர். அடிபட்டு நசுங்கி வரும் பெட்டிகளைத் தட்டி நிமிர்த்தி ஒட்டுப்போடுவது அவர் வேலை. தம்பி எனக்கு ஏழு வயது இளையவன். எட்டு வயதில் அவன் மாடிப்படி ஏறும்போது தன் முழங்காலைத் தானே கையால் அழுத்தி ஊன்றி ஏறத் தொடங்கினான். பத்து முடிவதற்குள் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். தசை கரையும் நோய் என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். முதலில் கால், அப்புறம் கை, கடைசியில் மூச்சு என்று வரிசையும் சொன்னார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா மட்டும் முன்னால் போய், “இன்னா மாத்தணும் சார்?” என்று கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லப்பா” என்றார்.

அந்த மாதம்தான் அப்பா பாரிமுனையில் ஒரு கடையிலிருந்து ரிமோட் காரை வாங்கி வந்தார். பொம்மைக் கடைச் சாமான் இல்லை. கழற்றி மாட்டக்கூடிய நிஜ வண்டி. ஆனால் அந்த ரகத்தில் மிகச் சாதாரணமானது. எங்கள் தெருவுக்குப் பின்னால் மூடிக்கிடந்த ஒரு கம்பெனியின் லாரி நிறுத்தும் தளம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ச்மேன் எங்களை உள்ளே விடுவார். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுவான். வண்டி குப்புற விழுந்தால் நான் ஓடிப்போய் நிமிர்த்துவேன். முன்பு அவனோடு பந்து விளையாடிய பையன்கள் சைக்கிளில் வந்து காரோடு பந்தயம் விட்டார்கள். கார் ஒவ்வொரு முறையும் தோற்றது.

“சைக்கிளு கூட முந்திக்கினு போதுப்பா” என்றான் தம்பி. குறையாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னான். ஆனால் நோய் வந்த பிறகு அவன் எதையாவது வேண்டுமென்று காட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

நான் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பிரவுசிங் சென்டரில் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். காரை வேகமாக்குவது எப்படி என்று நெட்டில் நான் படித்துச் சொல்வேன். காரோடு வந்த மோட்டாருக்குள் கார்பன் துண்டுகள் உரசி உரசித்தான் மின்சாரம் போகும், அதனால் தேயும், வேகம் குறையும். பிரஷ்லெஸ் மோட்டாரில் அந்த உரசலே கிடையாது. இரண்டு ஒயருக்குப் பதில் மூன்று ஒயர், அதற்கென்று தனியாக ஒரு கன்ட்ரோலர், வேகம் இரண்டு மடங்கு மூன்று மடங்கு. எழுதியவர்கள் எல்லோரும் ஒரு எச்சரிக்கையையும் எழுதியிருந்தார்கள். சாதாரண வண்டியில் இதைப் போட்டால் மோட்டார் உடையாது, மற்ற எல்லாம் உடையும். அதையும் படித்துக் காட்டினேன். “ஒடஞ்சா மாத்திக்கலாம் வுடு” என்றார் அப்பா.

கப்பலில் வேலை செய்த அவருடைய தோஸ்து ஒருவர் சிங்கப்பூரிலிருந்து மோட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார். மாட்டி முதல் முறை ரிமோட்டின் விசையை இழுத்தபோது வண்டி ஓர் அடிகூட நகரவில்லை. கரகரவென்று ஒரு சத்தம். உள்ளே இருந்த பல்சக்கரம் மொட்டையாகிவிட்டது. வேறு போட்டார், அதுவும் போயிற்று. ஒரு பாட்டில் நிறைகிற அளவுக்குப் போன பிறகு இரும்புப் பல்சக்கரம் வரவழைத்தார். பல்லும் பல்லும் நெரியாமலிருக்க, மோட்டார் சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே என் நோட்டுத் தாளில் கிழித்த ஒரு கீற்றைச் செருகி, அந்த இடைவெளிக்கு மோட்டாரை நகர்த்தி இறுக்கி, பிறகு தாளை உருவுவார். சக்கரம் தாங்கியது, சக்கரத்திலிருந்து டயருக்குப் போகும் தண்டு முறிந்தது. எஃகுத் தண்டு போட்டார். அதைத் தாங்கிய கூடு விரிசல் விட்டது. பழைய பேட்டரி தொட முடியாமல் கொதித்தது. ஒன்றைப் பலமாக்கினால் அதற்கு அடுத்தது உடைந்தது. ஒவ்வொன்றுக்கும் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். கார் அப்படி மேஜைமேல் திறந்து கிடந்த மாதங்களில்தான் தம்பியால் சோற்றுக் கையை வாய்வரை தூக்க முடியாமல் போனது. அம்மா ஊட்டிக்கொண்டே சொன்னாள், “புள்ள காலு போய் குந்திகினு கீறான். நீ காருக்குக் காலு செஞ்சிகினு கீற.” அப்பா ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் சைக்கிளை முந்தியது. விசில் மாதிரி ஒரு சத்தம் தளத்தின் கடைசிச் சுவர்வரை போயிற்று. மூன்று சைக்கிள்களும் பின்னால் கிடந்தன. தம்பி சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கி இருமினான். அவனைத் தட்டிக்கொடுத்தபடி அப்பாவும் சிரித்தார். அடுத்த வாரமும் முந்தியது, அதற்கடுத்த வாரமும். பிறகு பையன்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். தெருவில் ஒருவனை மடக்கிக் கேட்டேன். “எப்பவும் அவன்தான் ஜெயிக்கிறான். நாங்க இன்னாத்துக்குக்கா வர்றது?” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அதன்பிறகு அந்தப் பெரிய தளத்தில் நாங்கள் மூவர் மட்டும்தான். முந்துவதற்கு யாரும் இல்லாமல் கார் போய்ப் போய்த் திரும்பியது.

பிறகு விரல் போனது. ரிமோட் துப்பாக்கி மாதிரி இருக்கும். இடது கையால் சின்னச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும், வலது ஆள்காட்டி விரலால் விசையை இழுக்க வேண்டும். இழுக்க முடியவில்லை என்றதும் அப்பா உள்ளே இருந்த ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். பிறகு இரண்டு விரல் பிடிக்கும்படி விசையை நீட்டி ஒட்டினார். பிறகு ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டு ஒரு ரப்பர் பேண்டு போட்டார். அதற்கப்புறம் தளர்த்த எதுவும் மிச்சமில்லை.

அதே அலைவரிசையில் இன்னொரு ரிமோட் வாங்கி வந்தார். தம்பியுடைய ரிமோட்டைத் திறந்து, ஏரியலுக்குப் போகும் ஒயரை வெட்டிவிட்டார். விளக்கு எரியும், வேலை செய்யாது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று, தம்பியின் கைகளை எட்டிப் பார்த்துப் பார்த்து அவர்தான் ஓட்டினார். அவன் சக்கரத்தில் கை வைத்தால் இவர் திருப்புவார். அவன் விரல் அசைந்தால் இவர் இழுப்பார். “சூப்பரு நைனா, அப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

சில வாரங்கள் போயின. ஒரு நாள் அப்பா வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். தம்பி திரும்ப முடியாமல் முன்னால் பார்த்தபடியே சொன்னான்:

“அக்கா, வண்டிய நான் ஓட்டல.”

நாற்காலியை நிறுத்தினேன்.

“வெரலு சும்மாதான் கீது. நான் நெனச்சி கொஞ்ச நேரம் கழிச்சிதான் வண்டி போது. அப்பாதான ஓட்டுது?”

“ஏன்டா இத்தினி நாளா கம்முனு இருந்த?”

“ஓட்டும்போது அப்பா சிரிக்கிதுல்ல” என்றான். “சொல்லிடாத. ஓட்டட்டும்.”

அதற்குப் பிறகும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனோம். வெயிலில் தலை சாய்ந்து விழாமல் நெற்றியைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருக்க, வேலை செய்யாத ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு தம்பி ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்திருப்பான். அப்பா பின்னால் நிற்பார். நான் ஓடிப்போய்க் காரை நிமிர்த்துவேன். அவர்கள் இருவரையும் ஒன்றாகப் பார்க்க முடியாமல்தான் நான் அவ்வளவு வேகமாக ஓடினேன் என்று நினைக்கிறேன்.

மழைக்காலத்தில் சளி பிடித்தது. இருமிச் சளியைத் துப்ப அவன் நெஞ்சில் பலம் இல்லை. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தான். பதினைந்து வயது.

காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு ஒரு மத்தியானம் அப்பா என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தார்.

“பாப்பா, அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

எதைக் கேட்கிறார் என்று புரிந்தது. “தெரியாதுப்பா” என்றேன். “கடைசி வரிக்கும் தான்தான் ஓட்டுறோம்னு நெனச்சிகினு இருந்தான்.”

நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். “அப்போ கடைசி வரிக்கும் புள்ளைய ஏமாத்திகினே அனுப்பிட்டேன்” என்றார்.

உண்மை என் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால், அந்த வெயிலில் அப்பாவுக்காகத்தான் பிள்ளை அப்படி உட்கார்ந்திருந்தான் என்று தெரிந்திருக்கும். அதை அவர் எங்கே வைத்துக்கொள்வார்? எது குறைவாக வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

இப்போது அம்மாவும் இல்லை. அப்பா மணலி புதுநகரில் என்னோடு இருக்கிறார். யார்டில் இரும்பு தட்டித் தட்டி அவர் காது போய்விட்டது. பக்கத்தில் குனிந்து கத்தினால்தான் கேட்கும். சில நாள் சாப்பாடு போடும்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். இனி சொல்வதென்றால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்திச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.