திரையில் ஓடி மறைந்த பெயர்

யுத்த காலத்தில், திருகோணமலை இறங்குதுறையில் இடம்பெயர்ந்தோரைப் படகில் ஏற்றும்போது ஆட்களை எண்ணும் கணினிப் புரோகிராமை நான்தான் எழுதினேன். ஏறுபவரின் பெயர் பிரிண்ட் என்ற கட்டளை வரியால் திரையில் மட்டும் ஓடி மறையும்; எங்கும் சேமிக்கப்படாது.

"பிரிண்டை விட்டிட்டு, பதிவு வைக்கிற லொகருக்கு மாத்துங்கோ, பெயர் நேரத்தோட ஃபைலில பதிஞ்சு கிடக்கும்," என்றார் கூட வேலை செய்த சுமதி.

"இப்ப ஏலாது," என்றேன். சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

மறுநாள் புறப்பட்ட படகில் ஷெல் விழுந்தது. கரையொதுங்கியவை கைகளும் கால்களும்தான். அதே ஷெல்லடியில் கரையில் எங்கள் மின்சாரமும் போய்த் திரை கறுத்தது.

திரியாய்க் கிராமத்திலிருந்து ஓடிவந்த ஒரு தாய் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "என்ர தயாளன் ஏறினவனோ? ஓம் எண்டாவது இல்லை எண்டாவது சொல்லுங்கோ!"

ஏறியவர்களின் பெயர்கள் கறுத்த திரையோடு போய்விட்டிருந்தன.

மின்சாரம் திரும்பியதுமே எல்லாப் பிரிண்டையும் லொகராக மாற்றினேன். இன்றும் புதிய லொகரைச் சோதிக்க நான் முதலில் எழுதும் பெயர், தயாளன்.