கசடு என்று கொட்டப் பார்த்த இங்க்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இரண்டாயிரத்துக்குப் பிறகு திருவண்ணாமலையில் யார் வீட்டு பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் தேரடித் தெருவில் இருந்த என் கடையைத்தான் தேடி வந்தார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.

ஆருத்ரா தரிசனம் முடிந்த மறுநாள் கோயில் குருக்கள் ஒருவர் கருப்பு கார்ட்ரிட்ஜும் இங்க் பாட்டிலுமாக ஓடி வந்தார். பூஜைக்குப் பணம் கட்டும் வெளியூர்க் கட்டளைதாரர்களுக்கு விபூதியும் தீப மையும் ஈர வில்வமும் வைத்து வருடாவருடம் கவர் அனுப்புகிறவர். போன வருடம் ஈரத்தில் விலாசம் கரைந்து பாதி கவர் போய்ச் சேரவில்லை. அதனால்தான் தண்ணீருக்குக் கரையாத இங்க் போடும் பிரிண்டர் வாங்கியிருந்தார். இப்போது எழுத்து வெளிறிச் சாம்பல் நிறத்தில் விழுகிறது.

"இந்த வருஷமும் போகலன்னா என்னை மறந்துடுவாங்க. மத்தியானம் தபால் பையைக் கட்டிடுவான்."

"நீங்களா ரொப்புனீங்க?"

"ஆமா. பாட்டில் அடியில கசடு நின்னுது. அபிஷேகத் தீர்த்தம் மாதிரி தெளிய வெச்சு மேலாப்புல எடுத்தேன். மிச்சக் கசடை எங்க கொட்டறதுன்னு கேக்கத்தான் பாட்டிலையும் கையோட கொண்டாந்தேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சாமி, விபூதியைத் தண்ணியில கொழைச்சு, அடியில நின்னதைக் கொட்டிட்டா நெத்தியில என்னத்தைப் பூசுவீங்க? கசடுதான் சாமி கருப்பே!"

"அப்போ கலருக்குப் போடற இங்க்ல கருப்பு இருந்தா ஊத்திடுங்களேன்."

"அது சக்கரை மாதிரி கரைஞ்ச சாயம். ஈரம் பட்டா மறுபடியும் கரையும். இது உங்க தீப மை மாதிரி பொடி. தண்ணியில மெதக்குமே தவிர கரையாது."

அவர் நம்பவில்லை. தீர்ந்துபோன இரண்டு கார்ட்ரிட்ஜுகளைப் பிளந்து காட்டினேன். கலரில் பஞ்சு. சாயத்தைச் சொட்டவிடாமல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கருப்பில் பஞ்சே கிடையாது. மெல்லிய பை, அதற்குள் ஸ்பிரிங் வைத்த இரண்டு தகடு. பஞ்சாக இருந்தால் பொடி அதில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் தகடுகள் பையை விரித்துப் பிடித்து, அந்த இழுப்பிலேயே இங்க்கை ஒழுகாமல் நிறுத்துகின்றன. இதை யோசித்தவன் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அவனுக்கு ஒரு கும்பிடு போடலாம். எத்தனையோ மெஷின் பிரித்திருக்கிறேன், இப்படி ஒரு மூளையைப் பார்த்ததில்லை.

நீர்த்த இங்க்கை ஊசியால் உறிஞ்சி எடுத்து அதே பாட்டிலில் விட்டேன். கசடு முழுக்கக் கலங்கும்வரை குலுக்கி, நுரை அடங்கியதும் காற்று புகாமல் மெதுவாக ஏற்றினேன். முனையை ஈரத்துணியில் ஒற்றி என் பிரிண்டரில் போட்டு, அவர் சொன்ன விலாசத்தை ஒரு கவரில் அடித்தேன். விலாசம் கன்னங்கரேலென்று விழுந்தது.

குருக்கள் சொம்புத் தண்ணீரை விரலில் தொட்டுத் தேய்த்தார். பெயர் அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தித் தேய்த்தார்.

"கவரு கிழியும் சாமி, பேரு போவாது. போய் மத்ததை அடிங்க."

கார்ட்ரிட்ஜைத் துண்டில் சுற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். மத்தியானம் தபாலாபீசிலிருந்து நேராக என் கடைக்கு வந்தவர், "பையில ஏறிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பொங்கலுக்குள் கவர் கிடைத்ததாக எல்லா ஊரிலிருந்தும் அவருக்குப் போன் வந்துவிட்டது. எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.