கிரீம் இல்லை, ஆபரேஷன்

அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள் அவள். நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால்தான் நிற்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் கன்னமும் தாடையும் தொங்கிப்போயின. "தூங்கலையா அக்கா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக் கேட்டு, அவளுக்கே அலுத்துவிட்டது. முகத்தோலை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சைக்குத் துணிந்தாள்.

"வேற ஆளா மாற மாட்டீங்க. கொஞ்சம் இளமையா தெரிவீங்க. முதல்ல நல்லா வீங்கும்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அறுவை சிகிச்சை முடிந்து கட்டுத்துணியைப் பிரித்தபோது முகம் பூசணிக்காயாக வீங்கி, ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. கணவர் வெலவெலத்துப் போனார்.

"இதுக்கா இவ்வளவு பாடு?"

"வீங்கும்னு சொன்னாங்கல்ல? போய் இன்னொரு தலையணை எடுத்துட்டு வாங்க. தலையை உயர்த்தித்தான் படுக்கணும்."

காது மடல் மரத்துப்போயிருந்தது. வாயைப் பெரிதாகத் திறக்க முடியவில்லை. அவள் பதறவில்லை. சில வாரங்களில் வீக்கம் வடிந்ததும் வேலைக்குத் திரும்பினாள்.

"முகம் பளிச்சுனு இருக்கே, என்ன கிரீம்?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். கூட வேலை செய்பவள் முந்திக்கொண்டு, "நல்லா ரெஸ்ட் எடுத்தாங்க" என்று சமாளித்தாள்.

"ரெஸ்டும் இல்ல, கிரீமும் இல்ல. ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்."

"இந்த வயசுல எதுக்குக்கா?" என்றார் வாடிக்கையாளர்.

"எனக்கு ஆசையா இருந்துச்சு. பண்ணிக்கிட்டேன்."

நிமிர்ந்து நின்று சொன்னாள். பிறகு கத்தரியை எடுத்து, "தலையைக் கொஞ்சம் குனிங்க" என்றாள்.